மண்ணின் தரம் யார் கையில்?

(காவாந்தண்டலத்தில் இளைஞர்கள் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் மண் பரிசோதனை பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். வேளாண்மைத் துறை அலுவலர் பேச வேண்டியதை இவர் ஏன் பேசுகிறார் என்றும் கேட்கலாம். நிலம் யாரிடம் இருக்கிறது என்று நாம் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நிலத்தைப் பற்றிய கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள். இன்று இரண்டாவது பாதியைப் பேசுகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். உத்திரமேரூர் நமக்குப் பக்கம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதைக் குறிப்பிட்டுப் பெருமைப்பட்டார். ஆனால் குடத்தில் ஓலை போட யாருக்குத் தகுதி என்று அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கூடுதலாக வேதப் படிப்பு இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. நிலமும் கல்வியும் ஒரே கையில் இருந்தவர்கள்தான் ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் உட்கார்ந்தார்கள். ஏரியைத் தூர் வாரியவருக்கும் தோட்டத்தில் உழுதவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இந்த நாட்டில் நிலத்தைப் பற்றிய எழுத்து எப்படித் தொடங்கியது என்பதற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இப்போது ஆயிரம் வருடம் தாண்டி வருவோம். உங்கள் கையில் இருக்கும் போனில் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேடு வரும். நீங்கள் யாராக இருந்தாலும் வரும். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. அதில் நஞ்செய், புஞ்செய், பாசன ஆதாரம், தீர்வை, பட்டா எண் எல்லாம் இருக்கும். நடுவில் இரண்டு கட்டங்கள் உண்டு: 'மண் வயனமும் ரகமும்', 'மண் தரம்'. எதிரே சில எண்கள். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டங்களை ஒரு முறை கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? வெள்ளையர் ஆட்சியில் ரயத்துவாரித் தீர்வை போடுவதற்காக ஊர் ஊராக வந்து மண்ணைப் பார்த்து, கரிசலா, செம்மண்ணா, மணலா, களிப்பு எவ்வளவு என்று வகை பிரித்துத் தரம் போட்டார்கள். எந்த வயலிலிருந்து எவ்வளவு வரி வாங்கலாம் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்த அறிவியல். நம் கிராமங்களின் மண்ணைப் பற்றிய முதல் முழுமையான அரசுக் கணக்கு வரி வசூலுக்காகப் பிறந்தது. அந்தக் கணக்குதான் இன்றும் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

அந்தக் கணக்கு எழுதப்பட்ட காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? மிராசி முறை இங்கே மிகவும் பலமாக இருந்தது. தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பறையர் ஒருவர் தர்காஸ்து மனு போட்டுக் கேட்டாலும், முதல் உரிமை தனக்குத்தான் என்று மிராசுதார் தடுத்துவிடுவார். வேலைக்கு ஆள் குறைந்துவிடும் என்பதுதான் அவருடைய கவலை. இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர். 1891இல் அவர் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் ஆணை வந்தது. அதைத்தான் நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். இதுதான் நிபந்தனை. அந்த நிலம் எப்படிப் பறிபோனது, 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியபோது ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் எப்படி உயிர்விட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது இன்னொன்று. ஒதுக்கப்பட்டது தரிசு நிலம். ஊரார் வேண்டாம் என்று விட்ட மேடு, முள்காடு, உப்பு பூத்த பள்ளம். அதை வாங்கியவர்கள் ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். எரு போட்டார்கள், கல் பொறுக்கினார்கள், வரப்பு கட்டினார்கள். பதிவேட்டில் இருக்கும் தரம் பெரும்பாலும் அந்தப் பழைய தீர்வைக் காலத்தில் போட்டதுதான். மூன்று நான்கு தலைமுறை உழைப்பு அந்தக் கட்டத்தில் ஏறவே இல்லை. அந்தப் பழைய தரத்தையும் இன்றைய மண் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் நம் பாட்டன் பாட்டியின் உழைப்பு தெரியும். அப்படி வைத்துப் பார்ப்பதற்கு இன்றைய கணக்கு நம் கையில் வர வேண்டும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம்.

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. இதுவரை நாடு முழுவதும் 25 கோடி அட்டைகளுக்கு மேல் கொடுத்திருப்பதாக ஒன்றிய அரசு சொல்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் 12 விவரங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம். பிறகு நுண்ணூட்டங்கள்: துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பிறகு கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், அங்ககக் கரிமம். இது நல்ல திட்டம், சந்தேகம் வேண்டாம். உலகத்தில் இவ்வளவு பெரிய அளவில் மண்ணைச் சோதித்த நாடுகள் மிகக் குறைவு.

ஆனால் மாதிரி எடுத்த முறையைக் கவனியுங்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு கட்டம். மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு மாதிரி. அதில் வரும் முடிவுதான் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எல்லா விவசாயிகளுக்கும் அட்டையாகப் போகும். இரண்டரை ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

ஒரு கட்டத்தை மனதில் வரைந்து பாருங்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒருவருக்கு நான்கு ஏக்கர். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில், நம் ஆட்கள் மூன்று பேருக்கு ஆளுக்கு அறுபது எழுபது சென்ட். தண்ணீர் கடைசியில் வந்து தேங்கும் இடத்தில் உப்பும் சேரும். மாதிரி எடுக்க வந்தவர் சாலையோரம் இருக்கும் நான்கு ஏக்கரில் மண் எடுத்துப் போனால், கடைமடைக்காரருக்கு வரும் அட்டையில் அவருடைய உப்பு இருக்காது. அட்டை அவர் பெயரில் இருக்கும், மண் வேறு ஒருவருடையதாக இருக்கும்.

இது சின்ன விஷயமா? பயிர் மஞ்சளடித்தால் அவர் உரக்கடைக்குப் போவார். கடைக்காரர் ஒரு மூட்டை டிஏபி போடச் சொல்வார். மூட்டை 1,350 ரூபாய். மணிச்சத்து ஏற்கெனவே தேங்கியிருக்கும் வயலுக்கு அந்த மூட்டை வீண். நெல் வயலில் துத்தநாகம் குறைந்திருந்தால், ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டில் சரியாகியிருக்கும். உவர் என்றால் வடிகால் வெட்டி நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். களர் என்றால் ஜிப்சம் போட வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று அந்த 12 எண்கள்தான் சொல்லும். எண் தெரியாதவர் கடனுக்கு உரம் வாங்குகிறார். கடன் அடைக்க முடியாமல் நிலத்தைப் போக்கியத்துக்கு விடுகிறார். நிலம் நம் கையை விட்டுப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. அடியாள் வர வேண்டியதில்லை, போலிப் பத்திரம் வர வேண்டியதில்லை.

வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவர் நிலைமை இன்னும் மோசம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அரசின் கணக்கில் விவசாயி. பிஎம் கிசான் பணம் பட்டா உள்ள குடும்பத்துக்குத்தான் போகிறது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் ஒருவர், அட்டை போவது இன்னொருவர் வீட்டுக்கு. பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் 16.6 சதவீதம். அவர்கள் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்பு 2015-16இல் 9 சதவீதத்துக்கும் குறைவு. சொந்தப் பட்டா இல்லாமல் உழுபவர்களில் நம் மக்கள் எவ்வளவு பேர் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

அட்டை தவிர வரைபடங்களும் இருக்கின்றன. நாகபுரியில் 1976இல் தொடங்கிய தேசிய மண்ணாய்வு மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் நாடு முழுவதற்கும் மண் வரைபடம் போட்டது. அளவு 1:2,50,000. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர். நம் ஊர் அதில் ஒரு விரல் நகம். சேரிக்கு ஒரு மண், ஊருக்கு ஒரு மண் என்ற வித்தியாசமே அதில் வராது. இந்திய மண் மற்றும் நிலப்பயன்பாட்டு அளவாய்வு நிறுவனம் 1:10,000 அளவில் விரிவான வரைபடம் தயாரித்துவருகிறது. அதில் ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர்தான். அந்த வரைபடம் ஒவ்வொரு கிராம சபையின் மேசைக்கும் வர வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் சேர்த்த தரவு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 2012இல் ஒன்றிய அரசே தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையை அறிவித்திருக்கிறது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் 2005இலிருந்து மண் ஆய்வுத் தரவு முழுவதும் இணையத்தில் இலவசம். யார் வேண்டுமானாலும் ஒரு வயலைச் சுற்றிக் கோடு போட்டு அதன் மண் விவரத்தை இறக்கிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தரவை வைத்திருக்கும் அதே வேளாண்மைத் துறைதான் கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, 1999இல் பிக்ஃபோர்டு வழக்கில் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இது பாடம்.

அந்தப் பாடத்தை நமக்கு முதலில் சொன்னவர் பாபாசாகேப். 1923இல் பம்பாய் சட்ட மேலவையில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தார். அரசு நிதியில் கட்டிய, பராமரிக்கும் குளம், கிணறு, பள்ளி எல்லாம் தீண்டத்தகாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்பது தீர்மானம். மகாட் நகராட்சியும் சௌதார் குளத்தைத் திறந்ததாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனாலும் நம் மக்கள் ஒரு கை தண்ணீர் அள்ளுவதற்கு 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அம்பேத்கர் முன்னால் நடக்க வேண்டியிருந்தது. அள்ளிய பிறகு அடியும் வாங்கினார்கள். வழக்கு முடிய 1937 ஆனது. திறந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு இணையதளத்தையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். பொதுச் சொத்து என்று அறிவிப்பது ஒரு வேலை. போய் அள்ளுவது இன்னொரு வேலை. இரண்டாவது நம்முடையது.

இங்கே நியாயமான கேள்விகள் வரும். தரவைத் திறந்தால் கம்பெனிக்காரன்தானே முதலில் எடுப்பான், ரியல் எஸ்டேட் தரகருக்குத்தானே லாபம் என்று கேட்பீர்கள். கம்பெனிகள் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2021இல் ஆறு மாநிலங்களில் நூறு கிராமங்களுக்கு விவசாயிகள் தரவை வைத்துச் சேவைகள் உருவாக்க மைக்ரோசாஃப்ட்டுடன் ஒன்றிய வேளாண் அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. விவசாயிகளிடம் கேட்காமல் இதைச் செய்யலாமா என்று பல அமைப்புகள் எதிர்த்தன. பணம் உள்ளவனுக்குச் செயற்கைக்கோள் படமும் கிடைக்கும், ஆலோசகரும் கிடைப்பார். மூடி வைத்த தரவு நம் கண்ணுக்கு மட்டும்தான் மூடியிருக்கிறது.

அப்படியானால் தனியுரிமை? இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். விவசாயியின் பெயர், போன் எண், ஆதார் எதுவும் வெளியே வரக் கூடாது. கார அமில நிலை எட்டரை என்பது யாருடைய அந்தரங்கமும் இல்லை. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. அதனால் மனு எழுதும்போதே, பெயர் நீக்கிய மாதிரி விவரம் போதும், புல எண்ணும் 12 முடிவுகளும் மாதிரி எடுத்த தேதியும் கொடுங்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. நிலமே இல்லாதவருக்கு மண் தரவு எதற்கு? நிலம் இல்லாதவர் நிலம் கேட்கப் போகிறவர். அரசு இலவச நிலம் கொடுக்கும்போது பாறையையும் களரையும் காட்டினால், இது விளையாத மண் என்று எண்ணோடு மறுக்கத் தெரிய வேண்டும். நிலம் எடுக்க வரும்போது கோப்பில் 'தரிசு' என்று ஒரு வார்த்தை எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். இதே மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022இலிருந்து போராடுவதைப் பார்க்கிறோம். விளைகிற மண்ணை விளைகிற மண் என்று நிரூபிக்க ஊரிடம் ஆவணம் இருக்க வேண்டும். பஞ்சமி நிலத்துக்கும் இது பொருந்தும். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது நிபந்தனை நிலம் என்ற குறிப்பு பல இடங்களில் விடுபட்டது என்பது நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் குற்றச்சாட்டு. பழைய 'அ' பதிவேட்டைத் தேடிப் போகிறவர், அதே பக்கத்தில் இருக்கும் மண் தரத்தையும் சேர்த்து நகல் வாங்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, சேரி மக்கள் உழும் நிலங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். சொந்தம், குத்தகை, வாரம், நிபந்தனை நிலம் என்று பிரித்துப் புல எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'அ' பதிவேட்டின் மண் தரத்தை எதிரே எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, தமிழ்நாடு வேளாண்மைத் துறையின் 'தமிழ் மண்வளம்' இணைய முகப்பில் அந்தப் புல எண்களைப் போட்டுப் பாருங்கள். போன் இல்லாத தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் நீங்கள்தான் போன். வந்த முடிவை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

மூன்றாவது, அட்டை சொல்வதும் வயல் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் நாமே மாதிரி எடுப்போம். வரப்போரம், எருக்குழி, மர நிழல் மூன்றையும் விட்டுவிட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் வி வடிவத்தில் அரை அடி ஆழம் குழி வெட்டி, ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை சீவிய மண்ணைச் சேர்த்துக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கட்டணம் சிறியது. நமது கடைமடைக்கு நமது எண் வரும்.

நான்காவது, கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வையுங்கள். நம் ஊரில் எடுத்த எல்லா மண் மாதிரிகளின் முடிவையும், எடுத்த இடத்தைக் காட்டும் வரைபடத்தோடு, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். சேரிப் பக்க வயல்களில் எத்தனை மாதிரி எடுத்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் அட்டை கொடுக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு தானாக முன்வந்து தகவலை வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. அதைத் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.

இதனால் நிலம் வந்துவிடுமா என்றால், வராது. நிலத்துக்கான போராட்டம் நிலத்துக்கான போராட்டம்தான். 1947இல் பாபாசாகேப் வேளாண் நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் குடிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று எழுதியதை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் போராட்டத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. எந்த மண் எப்படி இருந்தது, யார் உழைப்பில் எப்படி மாறியது, இன்று யாருக்கு என்ன தேவை என்ற கணக்கு நம் நோட்டில் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை நமக்கு மறுக்கப்பட்ட வேலை. அதை இனி நாமே எடுத்துக்கொள்வோம்.

பட்டியல் எழுத யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பெண் தோழர்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் நடவும் களையும் அவர்கள் கையில்தான், எந்த வயலில் எங்கே உப்பு பூக்கிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.